வலது கால் இன்னும் வரவில்லை

அத்தியாயம் 11

அத்தை, அதாவது என் மாமியார், தன் அக்கா வீட்டுக்குப் போய் ஆறு நாளாகிறது. பத்து நாளில் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போனார். அவருடைய தையல் மெஷின்மேல் மாமா ஒரு பழைய துணியைப் போர்த்தியிருக்கிறார். அதை யாரும் விலக்கவில்லை.

வீட்டில் இப்போது மூன்று பேர். என் மாமனார், என் மச்சினி, நான். என் மனைவி இறந்து ஆறு வாரம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டின் மாடியில்தான் நானும் அவளும் இருந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன். இறங்கிப் போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

கீழே கடை. மாமா ஷூ செய்பவர். எல்லாருக்கும் செய்வதில்லை. இரண்டு காலும் ஒன்றுபோல் இல்லாதவர்களுக்கு மட்டும். ஒருவருக்கு ஒரு கால் குட்டையாக இருக்கும். ஒருவருக்குப் பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். சுவரில் மர அச்சுகள் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. எந்த ஜோடியும் ஜோடி கிடையாது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க மாட்டோம். முதலில் குறையுள்ள காலுக்கான ஷூ போகும். அதைப் போட்டுக்கொண்டு, மற்ற காலில் பழையதோடு ஒரு வாரம் நடக்க வேண்டும். எங்கே அழுத்துகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மாமா இரண்டாவது ஷூவுக்கு அடி வைப்பார்.

அதனால் டெலிவரி நோட்டில் ஒரு ஆர்டருக்கு இரண்டு வரி. இரண்டு கையெழுத்து. கையெழுத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி ஓரத்தில் சிவப்பு மையில் டிக் போடுவாள். அந்த நோட்டு அவளுடையது. அவளுக்குப் பிறகு போன டெலிவரிகளை மச்சினி வேறு நோட்டில் எழுதுகிறாள். மாமா அப்படிக் கேட்டுக்கொண்டார்.

தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அவர் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பார். அவள் கடைசியாக டிக் போட்ட வரி அதில் இருக்கிறது. பார்த்துவிட்டு மூடி வைப்பார். பிறகுதான் கத்தியைக் கையில் எடுப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு டைம்கீப்பர் அம்மா வந்தார்.

பஸ் டிப்போவில் வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறிப்பவர். டியூட்டி உடுப்போடு வந்திருந்தார். துணிப்பையிலிருந்து ஒரு சிறிய பழுப்பு ஷூவை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். இடது கால். மூன்று சென்டிமீட்டர் உயர அடி. அவருடைய ஒன்பது வயது மகளுடையது.

"இது வந்துச்சு. இன்னொண்ணு எங்கேங்க?"

மாமா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வலது கால்தானேம்மா? அது போயாச்சே."

"எங்க போச்சு?"

"உங்க வீட்டுக்குத்தான்."

"எங்க வீட்டுல இருக்கறதே நானும் என் பொண்ணும். எங்க ரெண்டு பேருக்கும் தெரியாம வந்துச்சா?"

மாமா கோபப்படவில்லை. "பொடிசு, அந்த நோட்டைக் கொண்டாம்மா" என்றார்.

பொடிசு என்பது என் மச்சினி. இருபத்திரண்டு வயது. இந்த வீட்டில் எல்லாரையும்விட உயரம். நோட்டை இரண்டு கையாலும் கொண்டுவந்து வைத்தாள்.

மாமா பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். "பாருங்க. இது இடது. உங்க கையெழுத்து. கீழ வலது. அதுவும் உங்க கையெழுத்து. பக்கத்துல டிக் இருக்கா? அது என் பொண்ணு போட்டது. தெரியாம ஒரு டிக் போட மாட்டா."

டைம்கீப்பர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவசரப்படவில்லை.

"மேல இருக்கறது நான் போட்டது. கீழ இருக்கறது நான் போட்டது இல்ல."

"ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு?"

"அதனாலதான் சொல்றேன். ஒரே ஆளு ரெண்டு தடவை போட்டா இப்படி அச்சா வராது. தினம் நூத்தி நாப்பது டிரைவர் கையெழுத்தைப் பாக்கறேன். இது எழுதினது இல்லைங்க. வரைஞ்சது."

நான் ஒரு பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டியாகிவிட்டது. அதையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தேன்.

"வரலேன்னா அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றார் மாமா. "ஆறு வாரம் கழிச்சு வந்தா?"

"சாவு விழுந்த வீட்டு வாசல்ல வந்து ஷூவைக் குடுன்னு நிக்கச் சொல்றீங்களா?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புள்ள ஒரு கால்ல புதுசும் ஒரு கால்ல பழசுமா நடக்குது. பழசோட அடி தேஞ்சு காகிதமாயிடுச்சு. ரெண்டு வாரமா இடுப்பு வலிக்குதுன்னு அழுவுது. நேத்து ஸ்கூலுக்கே போகலைன்னு உக்காந்துடுச்சு. அங்க அதுக்குப் பேரு வச்சிருக்காங்க. ஒத்தை ஷூவாம்."

மாமா இடது ஷூவை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. அவர் முகம் மாறியது.

"நான் வேற ஒண்ணு செஞ்சு தர்றேம்மா. பத்து நாள் பொறுத்துக்குங்க. காசு வேணாம். ஆனா முதல்ல செஞ்சது வரலைன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அப்ப, அதை வாங்கி வச்சுக்கிட்டு இன்னொண்ணு கேக்க வந்திருக்கேன். அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிங்க அதை எடுத்துக்கறது?"

டைம்கீப்பர் அம்மா ஷூவைப் பைக்குள் போட்டார்.

"எனக்கு ஓசி வேணாம். செஞ்சது எங்கேன்னு சொல்லுங்க. நாலு மணிக்கு டியூட்டி முடியுது. நாலரைக்கு வீட்டுல இருப்பேன். அதுக்குள்ள அந்த வரியை அடிச்சு, குடுக்கலைன்னு எழுதிக் கொண்டாங்க. இல்லேன்னா நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டுல எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் நோட்டை அங்க கொண்டுவரச் சொல்லுவாங்க."

"இந்த நோட்டை நான் யார் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றார் மாமா. குரல் உயரவில்லை. இறங்கித்தான் இருந்தது.

போகும்போது அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதானே அவங்க வீட்டுக்காரர்?"

"ஆமாங்க."

"கேள்விப்பட்டு ரொம்ப சங்கடமாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மாமா நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். வேலைக்கு உட்கார்ந்தார். கையிலிருந்த மர அச்சைப் பார்த்து, "டிக் போட்டிருக்காளே" என்றார். அச்சிடம்தான் சொன்னார்.

பொடிசு கண்ணைக் காட்டினாள். பின்கட்டுக்குப் போனேன். தோல் சுருள்கள் அடுக்கிய இடம்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்த வரியில என்ன தேதி?"

"பன்னெண்டு."

"நம்மகிட்ட இருக்கறது ஒரே ஒரு ஸ்கூட்டர். பன்னெண்டாம் தேதி காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அது என்கிட்ட இருந்துச்சு. டிப்போ குவார்ட்டர்ஸ் இங்கேயிருந்து அந்தக் கோடி. நீங்க எதுல போய்க் குடுத்தீங்க? பறந்தா?"

நான் ஒரு தோல் சுருளை நேராக்கி வைத்தேன்.

"அத்தான்."

"போகல."

அவள் ஒரு தோல் சுருளின்மேல் உட்கார்ந்தாள். "நல்லாத் திட்டணும்னுதான் கூப்பிட்டேன். மூஞ்சியைப் பாத்தா வரமாட்டேங்குது. நாளைக்குத் திட்டறேன். ஞாபகப்படுத்துங்க."

நடந்தது இதுதான்.

பதினொன்றாம் தேதி வலது கால் பெட்டியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெட்டியோடு அங்கே போய்விட்டேன். ராத்திரி முழுக்க அது அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

மறுநாள் அவளுக்கு மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. அதற்கு நடுவில் கேட்டாள், வலது கால் கொடுத்தாச்சா என்று. இல்லை என்றேன். கொடுத்துட்டு வாங்க, அந்தப் பிள்ளை பழசோடு நடக்கும் என்றாள். போகவர இரண்டு மணி நேரம். அன்று காலையில்தான் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். இரண்டு மணி நேரம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

சரி என்று பெட்டியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் இருமுவது கேட்டது. மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியில் கையெழுத்தை வரைந்தேன். உள்ளே போய்க் காட்டினேன். பேனா கேட்டாள். டிக் போட்டாள்.

அவளோடு இருக்க வேண்டும் என்றுதான் போகவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் நான் அவளோடு இல்லை.

மறுநாள் விடியும் நேரம் இறந்தாள்.

பொடிசிடம் இவ்வளவும் சொல்லவில்லை. நான்கு வாக்கியத்தில் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"ஷூ இப்ப எங்க?"

"மாடியில. அந்தப் பையில."

எந்தப் பை என்று அவள் கேட்கவில்லை. தோலின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"பேசாம விட்டுடலாமா, அத்தான்? அப்பா எப்படியும் வேற ஒண்ணு செஞ்சு குடுத்துடுவாரு. அந்தம்மா ரெண்டு நாள் திட்டும். அப்புறம் மறந்துடும்."

"அந்தம்மா பொய் சொன்னதா ஆயிடும்."

"அப்பாகிட்ட சொன்னா மட்டும்? உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்த நோட்டைத் திறக்கறதை நிறுத்திடுவாரு. அம்மாவும் ஊர்ல போய் உக்காந்திருக்காங்க. காலையில எழுந்திரிச்சுக் கீழ வர்றதுக்கு அவருக்கு இருக்கறது அந்தப் பக்கம் ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

அந்தச் சிறுமி எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நான் வேணா எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

"வேணாம்."

பை பீரோவின் மேல் இருந்தது. நாற்காலி போட்டு இறக்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வைத்தது. மேலே தூசி.

ஜிப்பைத் திறந்தேன். ஒரு டவல். சீப்பு. சீப்பில் முடி. கண்ணாடிக் கூடு. பாதி தீர்ந்த பிஸ்கட் பாக்கெட், அதில் எறும்பு ஏறிச் செத்திருந்தது. அவளுடைய செருப்பு, காகிதத்தில் சுற்றியது. அடியில் அட்டைப் பெட்டி. மூடியில் அவள் எழுத்து: வலது, சிறுமி, டிப்போ.

பெட்டியை எடுத்தேன். மற்றவற்றை இருந்த வரிசையில் திரும்ப வைக்கப் பார்த்தேன். சீப்பு டவலுக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று நினைவில்லை. அதற்கே கொஞ்ச நேரம் போயிற்று. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எறும்புகளைத் தட்டிவிட்டுக் கீழே போனேன்.

மாமா சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியை அவர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

மூடியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"எங்க இருந்துச்சு, மாப்பிள்ளை?"

"ஆஸ்பத்திரிப் பையில."

"அப்ப அந்தக் கையெழுத்து?"

"நான் போட்டது, மாமா."

"அவ பாத்தாளா?"

"பாத்தா. குடுத்துட்டேன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் டிக் போட்டா."

பொடிசு வாசல்படியில் நின்றாள். ஒரு கை கதவில் இருந்தது.

மாமா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து ஷூவை எடுத்தார். உள்ளே அடைத்திருந்த காகிதத்தை உருவினார். கையை உள்ளே விட்டு அடித்தோலை விரலால் தடவிப் பார்த்தார். அடியை வளைத்தார். ஆறு வாரம் மூடிக் கிடந்ததில் தோல் விறைத்திருந்தது. ஈரத்துணி கேட்டார். பொடிசு கொடுத்தாள். துடைத்தார். எண்ணெய் தொட்டு மடிப்பு விழும் இடத்தில் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி நீவினார். இருபது நிமிடம் இருக்கும். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"காலையில அந்தம்மாவைப் பொய்க்காரின்னு சொன்னேன்" என்றார்.

"நீங்க அந்த வார்த்தை சொல்லல, மாமா."

"சொன்ன மாதிரிதான். அவங்களுக்குக் காது இருக்கு." ஷூவைப் பெட்டிக்குள் வைத்தார். "நானும் வர்றேன். வண்டியை மெதுவா ஓட்டுங்க. போன தடவை உங்க பின்னாடி உக்காந்துட்டு நாலு நாள் முதுகு பிடிச்சுக்கிச்சு."

எழுந்து அலமாரியைத் திறந்து, பழைய நோட்டை எடுத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பொடிசு என்னைப் பார்த்தாள். நான் சாவியைத் தேடினேன்.

டிப்போ குவார்ட்டர்ஸில் வீடுகள் எல்லாம் ஒரே நிறம். எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டைம்கீப்பர் அம்மா கதவைத் திறந்ததும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"நாலு முப்பத்திரண்டு" என்றார். "உள்ள வாங்க."

ஒரே கூடம். கட்டில், மடித்த துணிகள், ஜன்னல் ஓரம் ஒரு மேஜை. கட்டிலில் சிறுமி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கால் தரையைத் தொடவில்லை.

மாமா உட்காரவில்லை. நோட்டை எடுத்து மேஜையில் விரித்தார். "நீங்க சொன்னதுதாம்மா நிஜம். இது வரல. எங்க வீட்டுலதான் இருந்துச்சு. காலையில உங்களை நம்பாதது என் தப்பு."

"நான் போட்டேங்க அந்தக் கையெழுத்தை" என்றேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில. அவ கேட்டுக்கிட்டே இருந்தா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்த வரியை அடிங்க" என்றார். "அடிச்சுட்டு இன்னைக்குத் தேதி போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

பேனாவைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டிக் மேல படாம அடிங்க, மாப்பிள்ளை."

டிக்கைத் தொடாமல் வரியை அடித்தேன். கீழே தேதி எழுதினேன். அந்த அம்மா கையெழுத்திட்டார். மேலே இருந்ததைப் போல் இல்லை.

மாமா கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சிறுமியின் வலது காலைத் தன் தொடைமேல் வைத்து ஷூவை மாட்டினார். இடது ஷூ ஏற்கெனவே காலில் இருந்தது. கட்டைவிரல் முனையை அமுக்கிப் பார்த்தார்.

"வளந்துட்டியா நீ?"

"ஆறு வாரம் ஆச்சுல்ல" என்றாள் சிறுமி. "வளராம என்ன பண்றது?"

"சரிதான். கொஞ்சம் இடம் விட்டுத்தான் செஞ்சிருக்கேன். எழுந்து நில்லு."

நின்றாள். ஜன்னல் வரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். தோள்கள் ஒரே மட்டத்தில் இருந்தன. அதை அவள் அம்மாதான் முதலில் பார்த்தார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

"இடது டொக்கு டொக்குன்னு சத்தம் போடுது. இது போடமாட்டேங்குது, தாத்தா."

"புதுசு. வெக்கப்படுது. ஒரு வாரத்துல அதுவும் பேசும். குதிகால் பிடிக்குதா? வா, லேஸை இறுக்கறேன்."

அடுப்படி வாசலில் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

"தம்பி, காலையில உங்க மாமனார் முன்னாடி சொல்ல மனசு வரல. சாவு வீடுன்னு பொறுத்தது நிஜம்தான். ஆனா அது மட்டும் இல்ல. உங்க வீட்டுக்காரம்மா எனக்குப் போன் பண்ணாங்க."

"எப்ப?"

"பன்னெண்டாம் தேதி. மூணு நாப்பதுக்கு. எனக்கு அன்னைக்கு லீவு. பேச முடியல அவங்களால. ஷூ வந்துச்சான்னு கேட்டாங்க. யாரும் வரலையேன்னேன். சரிங்க, அவர் கொண்டு வருவாரு, கொஞ்ச நாள் ஆகும், நீங்க கேட்டு அவரைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னாங்க. அதான் ஆறு வாரம் பொறுத்தேன். புள்ள அழலேன்னா இன்னும் பொறுத்திருப்பேன்."

மூன்று மணிக்கு அவளிடம் நோட்டைக் காட்டினேன். மூன்று நாற்பதுக்கு நான் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன். மருந்தோடு மேலே வந்தபோது அவள் விழித்திருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ராத்திரி முழுக்க என் கையை விடவில்லை.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவர் அங்கேயே நின்றார்.

"இன்னொண்ணும் சொன்னாங்க, தம்பி. உங்ககிட்ட சொல்லணும்னுதான் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

அந்த அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. அவர் திரும்பவில்லை. சிறுமியின் ஷூ லேஸ் அவர் இரண்டு கையிலும் இருந்தது. முடிச்சுப் போடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதை விட்டுடுங்கம்மா. என்கிட்டயும் அவ சொல்லியிருக்கா. அதை நான் சொல்லிக்கறேன்."